அழிக்கிற பொத்தான்

எங்கள் தெருவில் கார் வாங்குகிறவர்கள் என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்பார்கள். வண்டியில் என்ன கோளாறு என்று சொல்லுகிற கைமிஷின் ஒன்று விற்கிறதே, அதை வீட்டுக்கு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாமா, இல்லை பட்டறைக்காரனையே நம்பலாமா என்று. எனக்கு சைக்கிள் கூட ஓட்ட வராது. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். இரண்டாம் வகுப்பு டீச்சர் என்னை மூன்றாம் வகுப்புக்குத் தூக்கிப் போடுவதற்குள் நானே வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனாலும் கேட்பார்கள். கருவடிக்குப்பத்தில் எங்கள் பக்கத்துக்கு அந்த மிஷின் முதன்முதலில் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். பழைய ஆட்கள் கேட்கமாட்டார்கள். அவர்களுக்குக் கதை தெரியும். புதிதாகக் குடிவந்தவர்கள்தான் கேட்பார்கள்.

என் வீட்டுக்காரர் மில்லில் தறி ஓட்டியவர். மில்லில் ஆளைக் குறைத்தபோது வெளியே வந்தார். வரும்போது கூடவே சர்க்கரையையும் கூட்டிக்கொண்டு வந்தார். சர்க்கரை கண்ணைக் கொஞ்சம் தின்றது, கால் விரலைக் கொஞ்சம் தின்றது, கடைசியில் கிட்னியில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரத்தத்தை மிஷினில் விட்டுக் கழுவ வேண்டும் என்று டாக்டர் சொன்னார். டவுனில் எங்குமே படுக்கை கிடைக்கவில்லை. தவளக்குப்பத்தைத் தாண்டி கடலூர் ரோட்டில் ஓர் ஆஸ்பத்திரியில்தான் காலை வேளையில் ஓர் இடம் கிடைத்தது. நாங்கள் இருப்பது ஊருக்கு வடக்கே, ஆஸ்பத்திரி இருப்பது ஊருக்குத் தெற்கே.

நேரம் தவறினால் படுக்கை அடுத்தவருக்குப் போய்விடும். முறை தவறினால் உடம்பில் தண்ணீர் ஏறும். கால் வீங்கும், பிறகு முகம் வீங்கும், பிறகு மூச்சு. இது எங்களுக்கு முதல் மாதத்திலேயே புரிந்துவிட்டது. அவர் உயிர் இருந்தது கையில் குத்துகிற ஊசியில் பாதி, அந்த ரோட்டில் பாதி.

என் மகன் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தான். ஷிப்டை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டு, அப்பாவை அழைத்துப் போவதற்கென்றே பழைய பெட்ரோல் கார் ஒன்று வாங்கினான். வெள்ளை நிறம். வாசலில் நிறுத்தி டயருக்கு டயர் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். இவர் முன்சீட்டில் ஏறி ஜன்னலில் கையைப் போட்டுக்கொண்டார்.

"கல்யாணத்துக்கே என்னை மாட்டு வண்டியிலதான் கூட்டிக்கினு வந்தீங்க," என்றேன். "இப்ப இன்னா மாப்பிள்ளை மாதிரி உக்காந்துக்கினு இருக்கீங்க?"

"அப்ப உன்னைக் கூட்டிக்கினு வரணும். மாட்டு வண்டியே அதிகம்," என்றார்.

அப்படித்தான் பேசுவோம். வேறு மாதிரி பேசியிருந்தால் இரண்டு பேருமே அழுதிருப்போம்.

சில மாதம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு நாள் ஸ்டியரிங்குக்கு முன்னால் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் லைட்டு ஒன்று எரிந்தது. கிளப்பும்போது வண்டி இருமியது. தெருமுனை மெக்கானிக்கிடம் காட்டினோம். அவர் பழைய வண்டிகளைப் பிரித்து மேய்ந்தவர், இந்த மாதிரி வண்டி அவருக்குப் புதிது. பானெட்டைத் திறந்து பார்த்தார், மூடினார், தலையைச் சொறிந்தார்.

"இது கம்ப்யூட்டர் வண்டிப்பா. மிஷின் வச்சிப் பாத்தாதான் தெரியும். எங்கிட்ட மிஷினு கிடையாது. லைட்டு உறுத்துச்சின்னா சொல்லு, பின்னாடி கையை உட்டு பல்பைப் புடுங்கி உட்டுர்றேன்."

மகன் கும்பிட்டுவிட்டு வண்டியைப் பெரிய சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனான். அங்கே மிஷின் இருந்தது. மிஷினைத் தொடுகிற ஆள்தான் இல்லை. அவர் மெட்ராஸில் இருந்து வர வேண்டுமாம். வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். ஒரு வாரத்துக்கு மேல் அங்கேயே நின்றது. அந்த ஒரு வாரமும் நானும் இவரும் பஸ்ஸில் போனோம்.

போகும்போது பரவாயில்லை. திரும்பும்போதுதான் கஷ்டம். ரத்தம் கழுவி எழுந்தால் உடம்பு துவைத்துப் பிழிந்த துணி மாதிரி ஆகிவிடும். தலை சுற்றும், குமட்டும். ஒரு நாள் பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே, நான் பையை விரிப்பதற்குள், முன்சீட்டில் இருந்த ஒரு பெண்ணின் முதுகில் வாந்தி எடுத்துவிட்டார். புதுப் புடவை, எங்கோ விசேஷத்துக்குப் போகிறாள் போல. அவள் கத்தியதில் தப்பில்லை. கண்டக்டர் விசில் அடித்து வண்டியை நிறுத்தினார்.

"பெரியவரை எறக்கும்மா. குடிச்சிட்டு காலையிலேயே ஏறிடுறானுங்க."

அவர் கையில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்த கட்டை நான் தூக்கிக் காட்டினேன். யாரும் பார்க்கவில்லை. அரியாங்குப்பத்தில் இறங்கி ஒரு பூட்டின கடை நிழலில் உட்கார்ந்தோம். சட்டை மார்பு முழுவதும் நனைந்திருந்தது. மில்லில் சூப்பர்வைசரையே எதிர்த்துப் பேசிய மனுஷன் குனிந்த தலை நிமிரவில்லை.

"இனிமே பஸ்ஸுல ஏறமாட்டேன்," என்றார். "ஏத்துனா பாடையில ஏத்து."

"அதுக்கு டிக்கெட்டு இல்லன்னு இவ்ளோ அவசரமா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அன்று முதல்முறையாக என் ஜோக் ஒன்று கீழே விழுந்து உடைந்தது.

ஒரு வழியாகக் கார் வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வீடு வந்து சேருவதற்குள் மஞ்சள் லைட்டு மறுபடி எரிந்தது.

பொங்கலுக்கு என் கொழுந்தனார் பிரான்சில் இருந்து வந்தார். வீட்டுக்காரருக்கு ஒரே தம்பி. பிரான்சு பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. எங்கள் ஊரில் அப்படிப் பென்ஷன் வாங்குகிற வீட்டை இன்றைக்கும் சொல்தா வீடு என்றுதான் சொல்வோம். நானும் அவரைத் தம்பி என்று கூப்பிடுவதை விட சொல்தா என்று கூப்பிடுவதுதான் அதிகம். காரின் கதையை மகன் போனிலேயே சொல்லியிருந்தான் போல. பெட்டியைத் திறந்ததும் சென்ட்டு பாட்டிலுக்கும் சாக்லேட்டுக்கும் நடுவில் இருந்து ஒரு சாமானை எடுத்தார். தடித்த கால்குலேட்டர் மாதிரி இருந்தது. அதில் இருந்து ஒரு ஒயர், ஒயர் முனையில் அகலமான வாய்.

"இன்னா சொல்தா, பிரஷர் பாக்குறதா?" என்றேன்.

"வண்டிக்குப் பிரஷர் பாக்குறது அண்ணி. அங்க வண்டி வச்சிருக்குறவன் நெறைய பேர் இதையும் வாங்கி வச்சிருப்பான். லைட்டு எரிஞ்சா பட்டறைக்கு ஓடமாட்டான். சொருகுவான், நம்பர் வரும். நம்பரப் பாத்தா எந்த எடத்துல கோளாறுன்னு தெரிஞ்சிடும்."

மகனுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. "தெரிஞ்சி இன்னா சித்தப்பா பண்றது? நம்பரு தெரிஞ்சா வேல தெரிஞ்சிடுமா? ஸ்கேன் எடுக்கத் தெரிஞ்சவன்லாம் ஆபரேஷன் பண்ண முடியுமா?"

"ஆபரேஷனை டாக்டர் பண்ணட்டும்டா. வவுத்துலயா தலையிலயான்னாவது உனக்குத் தெரிய வேணாமா? உங்கப்பன் ஒரு வாரம் பஸ்ஸுல போனானே, எதுக்கு? எந்த எடம்னு ஒருத்தனுக்கும் தெரியல."

இவர் அந்த மிஷினை வாங்கி மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் ஸ்டியரிங்குக்கு அடியில் அதன் வாயைச் சொருகினார்கள். சின்னத் திரையில் எழுத்து ஓடியது. எல்லாம் பிரெஞ்சு. அதில் பச்சைப் பொத்தான் ஒன்று, சிவப்புப் பொத்தான் ஒன்று. பச்சையை அமுக்கினால் நம்பர் வரும். சிவப்பை அமுக்கினால் நம்பர் அழிந்து லைட்டும் அணையும். சொல்தா நம்பரைப் பார்த்தார், கூட வந்த புத்தகத்தைப் புரட்டினார், எஞ்சினுக்குப் போகிற காற்றை அளக்கும் ஒரு சாமானில் அழுக்கு என்றார். இவருக்கு ஊசி போட வைத்திருந்த ஸ்பிரிட்டையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு போய் அதைத் துடைத்து மாட்டினார்கள். சிவப்பை அமுக்கினார்கள். லைட்டு போனது. வண்டி இருமவில்லை. மெட்ராஸ் ஆள் வந்தும் தீராததைப் பஞ்சும் ஸ்பிரிட்டும் தீர்த்துவிட்டன.

சொல்தா மாசி மாதம் திரும்பிப் போனார். மிஷினை அண்ணனிடமே கொடுத்தார். நான் அப்போது பக்கத்தில் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன், அவர் சொன்னது எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது.

"பிரெஞ்சு உனக்கு வேணாம். நம்பரு நம்பருதான், அத உன்னால படிக்க முடியும். லைட்டு எரிஞ்சா பச்சைய அமுக்கு. நம்பரப் பாத்து எனக்கு போன் போடு. இன்னா செய்யணும்னு நான் சொல்றேன். அப்புறமா சிவப்பு. புரிஞ்சிதா?"

"மில்லுல எத்தினி தறிக்கு நம்பரு பாத்தவன்டா நானு," என்றார் இவர்.

அதற்குப் பிறகு இவர் நடையே மாறிவிட்டது. ஊசியும் மாத்திரையும் ஆன பிறகு வீட்டில் அவருக்கு வேலை என்று ஒன்றும் இல்லாமல் இருந்தது. சாப்பாட்டை டாக்டர் சொல்வார், தண்ணீரை நான் அளந்து ஊற்றுவேன், வண்டியை மகன் ஓட்டுவான். இப்போது அவர் கையில் ஒரு சாமான் வந்தது. தெருவில் கார் வைத்திருந்தவர்கள் விஷயம் கேள்விப்பட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நிற்பார்கள். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடுத்தவன் வண்டியின் டிரைவர் சீட்டில் ஏறி உட்காருவார். சொருகுவார். "ம்" என்பார். கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு "ம்". பிறகு சிவப்பை அமுக்குவார். லைட்டு போனதும் அவர்கள் முகம் மலர்ந்துவிடும். இளநீரும் வாழைப்பழமும் வாங்கி வந்து கொடுப்பார்கள். இரண்டுமே கிட்னிக்காரர்கள் தொடக் கூடாதவை. அவர் வைத்தியம் பார்த்தார், நான் பெருத்தேன்.

எனக்கு அதில் ஒன்று உறுத்தியது. ஆஸ்பத்திரியில் ரத்தம் கழுவுகிற மிஷினும் அடிக்கடி லைட்டு போட்டுக் கத்தும். நர்ஸம்மா வந்து முதலில் பொத்தானை அமுக்கிச் சத்தத்தை நிறுத்தும். நிறுத்திவிட்டுப் போகாது. ஒவ்வொரு ட்யூபாக விரலால் தடவிப் பார்க்கும், கையைத் தூக்கி வைக்கும், ஊசி நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கும்.

"நீங்க மொதல் பாதியத்தான் கத்துக்கினு வந்தீங்க," என்று ஒரு நாள் சொன்னேன். "ஊர் வண்டிங்களுக்கெல்லாம் சத்தத்த மட்டும் நிறுத்துறீங்களே, மிச்சத்த எவன் பாக்குறது?"

"நீ வாழப்பழத்தத் துன்னு," என்றார்.

பிரான்சில் இருந்து சொல்தா வாரம் ஒரு தடவை போன் செய்வார். உடம்பைக் கேட்பார், பிறகு வண்டியைக் கேட்பார். "லைட்டு எரிஞ்சிதா? நம்பரு எதனா வந்துச்சா?" என்று கேட்பது போனுக்கு வெளியே எனக்கும் கேட்கும். இவர், "லைட்டா? அதெல்லாம் ஒண்ணும் இல்லடா, வண்டி குதிரை மாதிரி போவுது," என்பார்.

நான் அதை நம்பினேன். காலையில் நாங்கள் கிளம்பும்போது லைட்டு எரிந்து நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரியாதது, நான் இட்லியை டப்பாவில் வைத்துக் கட்டும் நேரத்தில் அவர் சாவியை எடுத்துக்கொண்டு முன்னாலேயே போய் உட்காருவது எதற்கு என்பது. வழியில், நான் பின்சீட்டில் தூங்கிவிட்ட பிறகு, சில நாள் லைட்டு எரியுமாம். மகன் கேட்டால், "போன தடவ மாதிரி அழுக்குதான்டா. உங்க சித்தப்பன்கிட்ட கேட்டுட்டேன், ஓட்டலாமாம்," என்பாராம். மகனும் விட்டுவிட்டான். அப்பா சொன்னார், சித்தப்பா சொன்னார், மிஷின் இருக்கிறது. பிறகு என்ன?

கத்திரி வெயில் வந்தது. அது ஒரு முகூர்த்த நாள். தவளக்குப்பம் ஜங்ஷனில் கல்யாண பஸ் ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டது. முன்னால் பஸ், பின்னால் லாரி, பக்கத்தில் மீன் கூடை ஏற்றிய டெம்போ. எங்கள் கார் நடுவில் நின்றுகொண்டே இருந்தது. ஏசியைப் போட்டு வைத்திருந்தோம். சூடு காட்டுகிற முள் கீழேயே படுத்திருந்தது. அதனால் மகன் எதையும் சந்தேகப்படவில்லை.

முதலில் ஒரு வாசனை வந்தது, வெல்லப்பாகு தீய்ந்த மாதிரி. அப்புறம் பானெட்டின் இரண்டு பக்கத்திலிருந்தும் வெள்ளையாக ஆவி கிளம்பியது. எஞ்சின் ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. அதற்குப் பிறகு சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தம் மட்டும்தான் வந்தது.

மகன் நாலு பேரைப் பிடித்து வண்டியை ஓரம் கட்டினான். கூல்டிரிங்ஸ் கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். அதில் இவரை உட்கார வைத்துவிட்டு மகன் ஆட்டோ பிடிக்க ஓடினான். எந்த ஆட்டோவும் நெரிசலைத் தாண்டி வரமுடியவில்லை. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் கலர் பாட்டில்கள் வியர்த்துக்கொண்டு நின்றன. இவர் அவற்றைப் பார்க்காமல் இருப்பதற்காகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முந்தானையால் விசிறினேன்.

"ஏ," என்றார். "ஒண்ணு சொல்றேன். பையன்கிட்ட இப்ப சொல்லாத."

"சொல்லுங்க."

"அதே நம்பர்தான். எண்பதுல முடியும். சித்திரைக்கு முன்னாடி இருந்தே அதே நம்பரு. அழிச்சா போவும், ரெண்டு நாள் கழிச்சித் திரும்ப வரும். நான் திரும்ப அழிப்பேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் விசிறுவதை நிறுத்திவிட்டேன்.

"சொல்தாகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா பட்டறையில உடுங்கன்னுவான். உட்டா ஒரு வாரம் வச்சிக்குவானுங்க." அவர் குரல் இறங்கியது. "என்னால அந்த பஸ்ஸுல ஏற முடியாதுடி."

அந்த இடத்தில் நான் எதாவது சொல்லியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள் நான்தான். புதுப் புடவையில் வாந்தி வழிந்தது, அந்தக் கண்டக்டர் விசில், பூட்டின கடை நிழல், எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. நான் மறுபடி விசிற ஆரம்பித்தேன்.

கடைசியில் ஒரு ஆட்டோ கிடைத்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் படுக்கையில் வேறு ஒரு பெண் படுத்திருந்தாள். வெளியூரில் இருந்து வந்து இடம் கிடைக்காதா என்று காத்துக் கிடந்தவளாம். கையில் இரண்டு ஊசியும் ஏற்றியாகிவிட்டது. எழுப்பச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சொன்னாலும் எழுப்பமாட்டார்கள். நர்ஸம்மா இவர் காலை அமுக்கிப் பார்த்தது, பிரஷர் பார்த்தது.

"இன்னிக்கி எடமே இல்லப்பா. நாளைக்கிக் காலையில மொத ஆளா போட்டுர்றேன். அதுவரைக்கும் தண்ணி வேணாம், பழம் வேணாம். மூச்சு வாங்குனா ஒடனே வந்துடுங்க."

"பழம்லாம் இவதான் துன்றா," என்றார் இவர். நர்ஸம்மா சிரித்தது. அவர் ஒரு ஆளைச் சிரிக்க வைத்ததில் அதுதான் கடைசி.

அன்று சாயங்காலமே முகம் உப்பிவிட்டது. படுக்க முடியவில்லை, உட்கார்ந்தே இருந்தார். மூச்சு வாங்குகிறதா என்று நானும் மகனும் மாற்றி மாற்றிக் கேட்டோம். இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். அந்த லைட்டையும் அவர் அழித்துக்கொண்டுதான் இருந்தார் என்பது எனக்கு இப்போது தெரிகிறது.

பொழுது விடிந்ததும் மகன் ஆட்டோ கொண்டுவந்தான். அவரை நடுவில் உட்கார வைத்து இரண்டு பக்கமும் நாங்கள் உட்கார்ந்தோம். கையில் ஒரு கேரி பேக்கைக் கேட்டு வாங்கி விரித்துப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி," என்று ஆட்டோக்காரரிடம் சொன்னார், "கொஞ்சம் மெதுவா போ. வண்டி அழுக்காயிடும்."

டவுனைத் தாண்டி அரியாங்குப்பத்துப் பாலத்தில் ஏறும்போது அவர் தலை என் தோளில் சாய்ந்தது. ஆட்டோ குலுக்கியதில் சாய்ந்தது என்று நினைத்தேன். கனம் கூடிக்கொண்டே வந்தது. மகன் கூப்பிட்டான். நான் கூப்பிட்டேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார். பாலத்துக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போக அவசியம் இல்லாத ஆளைத்தான் ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோனோம். அவர் விரலைப் பிரித்து நான் அந்த கேரி பேக்கை எடுத்தேன். காலியாகவே இருந்தது.

கருமாதிக்கு சொல்தா வந்தார். மொட்டை போட்ட தலையோடு வாசலில் நின்ற காரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதைத் தவளக்குப்பத்தில் இருந்து கட்டி இழுத்து வந்து நிறுத்தியிருந்தோம்.

"நம்பரு இன்னா வந்துச்சி அண்ணி? அண்ணன் எதனா சொன்னானா?"

"எண்பதுல முடியுமாம்."

அவர் உள்ளே போய் அந்தப் புத்தகத்தை எடுத்து வரவில்லை. தெரிந்திருக்கும் போல. தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டு பானெட்டைத் திறக்கச் சொன்னார். ரேடியேட்டரை ஒட்டி இருக்கிற ஃபேனுக்குப் போகிற ஒயரையும், சூட்டைப் பார்த்து முள்ளுக்குச் சொல்கிற ஒயரையும் எலி கடித்திருந்தது. முதலில் பாதி கடித்திருக்கும், லைட்டு விட்டு விட்டு எரிந்திருக்கும். பிறகு முழுக்கக் கடித்துவிட்டது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே தண்ணீரை ஆற்றிவிடும். நின்றால்தான் ஃபேன் சுற்ற வேண்டும். அது சுற்றவில்லை. சூடு ஏறியதைச் சொல்ல வேண்டிய முள்ளும் செத்துக் கிடந்தது.

"இத மாத்த எவ்ளோ நேரம் ஆவும்?" என்று மகன் கேட்டான்.

மெக்கானிக் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். "ஒயரு ஒரு சாண் கூட இல்லியேப்பா," என்றார். "என்கிட்ட சொல்லியிருந்தா நீங்க ஆஸ்பத்திரி போவாத நாள்ல வாசல்லயே வச்சி முடிச்சிருப்பேன். எந்த எடம்னுதான எனக்குத் தெரியாது."

மகன் தன் தலையில் தானே அடித்துக்கொண்டான். லைட்டு எரிந்ததைப் பார்த்தும் விட்டுவிட்டேனே என்று அவன் தன்னையே திட்டிக்கொண்டிருந்தான். அதனால் என் வீட்டுக்காரர் கூல்டிரிங்ஸ் கடை நாற்காலியில் உட்கார்ந்து சொன்னதை நான் அப்போது எல்லார் முன்னாலும் சொன்னேன். இப்போது சொல்லாதே என்றுதான் கேட்டிருந்தார், எப்போதும் சொல்லாதே என்று கேட்கவில்லை. சொல்தா காரின் கதவைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு போனு," என்றார். "நான் வாராவாரம் கேட்டேனே அண்ணி."

"அவரு உங்களுக்கு பயப்படல சொல்தா. பஸ்ஸுக்குத்தான் பயந்தாரு."

காரை மகன் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட்டான். மிஷினைத் தூக்கிப் போடப் போனான். நான் வாங்கி பிரிட்ஜ் மேலே வைத்தேன். அது என்ன பண்ணியது? கேட்ட போதெல்லாம் உண்மையைத்தான் சொன்னது. எண்பது, எண்பது, எண்பது என்று அந்தச் சின்னத் திரையில் தனியாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

அதனால் வாங்கலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் வாங்கிக்கோ என்றுதான் சொல்வேன். எந்த இடத்தில் கோளாறு என்று தெரியாமல் பட்டறைக்குப் போகிறவனை அவர்கள் ஒரு வாரம் உட்கார வைப்பார்கள். இடம் தெரிந்து போனால் மதியத்துக்குள் திரும்பி வரலாம். ஆனால் நம்பரை வீட்டில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படி என்பேன். ஒருத்தன் மட்டும் பார்த்துக்கொண்டால் அது அவனோடு போய்விடும்.

இவர் கைக்கு ஒட்டுகிற ஆஸ்பத்திரி பிளாஸ்திரி ஒரு சுருள் மிச்சம் இருந்தது. அதில் கொஞ்சம் கிழித்து அந்தச் சிவப்புப் பொத்தான் மேல் ஒட்டி வைத்தேன். பச்சையைத் திறந்தே விட்டேன்.

போன மாதம் எதிர்வீட்டுக்குக் குடிவந்த பேங்க்காரர் மிஷினை இரவல் கேட்டார். நல்ல மனிதர், படித்தவர், சொந்தமாக ஒன்று வாங்குவதற்கு முன்னால் இதைப் பார்க்க வேண்டுமாம். அவரையும் உட்கார வைத்து இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "நம்பரப் பாத்து எனக்கு வந்து சொல்லிட்டுதான் பட்டறைக்குப் போவணும்," என்றேன். "கண்டிப்பா ஆயா," என்றார்.

மறுநாள் காலையில் சிரித்துக்கொண்டே வந்து கொடுத்தார்.

"சூப்பர் மிஷினு ஆயா. லைட்டு போயிடுச்சி."

"நம்பரு இன்னா?"

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. "நம்பரா... எதோ வந்துச்சி ஆயா. பாக்கல. ஆபீசுக்கு நேரமாயிடுச்சி."

மிஷினைத் திருப்பிப் பார்த்தேன். பிளாஸ்திரியை எடுத்துவிட்டுப் பத்திரமாகத் திரும்ப ஒட்டியிருந்தார். கொஞ்சம் கோணலாக இருந்தது. அவர் மனைவி வாசலில் காரில் ஏறி உட்கார்ந்திருந்தாள். மடியில் கைக்குழந்தை.

நான் அவர் கையில் இருந்து கார் சாவியை வாங்கி என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"இன்னிக்கி பஸ்ஸுல போ," என்றேன். "போயிட்டு வந்து வண்டிய வாசல்லயே கிளப்பி உடு. அழிச்ச நம்பரு திரும்ப வரும், அத எனக்குச் சத்தமா படி."